பன்னிரண்டாவது புள்ளி

மார்ச் 4

அக்காவுக்கு,

நம் எண்ணெய்க் கம்பெனி இந்தக் கீழ்க்குடியிருப்பின் குடிதண்ணீரில் உப்பைக் கலக்கப்போகிறது. அதற்கு வழிவிடும் வரைபடத்தை வரைந்தது நீ.

நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். முதலில் இதைப் படி.

மலையில் ரோட்டுப் பக்கப் பாறையை அளந்து முடித்துவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ மஞ்சள் பெயிண்டில் போட்ட புள்ளிகள் வெளிறிப்போனாலும் அழியவில்லை. மற்றவர்கள் பெருக்கல் குறி போட்டு எண் எழுதுவார்கள். நீ மட்டும்தான் வட்டம் போட்டு வால் வைப்பாய். முதல் தலைப்பிரட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட பெயரைக் கம்பெனி பெயிண்டில் மலைமேல் எழுதிவைத்திருக்கிறாய். பாறையில் பதினொன்று இருக்கின்றன. உன் அறிக்கையிலும் பதினொன்றுதான். பதினொன்றிலும் நீ எழுதியது சரி. கீழே ஒரு மணற்பாறை, மேலே ஒரு மணற்பாறை, நடுவில் ஆள் உயரத்துக்குச் சிவப்புக் களி. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை களி அறுபடவில்லை.

ஆனால் அந்தப் பாறை, இந்த மணலைக் கொட்டிய பழைய ஆறு ஓடிய திசையிலேயே நீளவாக்கில் நிற்கிறது, குறுக்கே என்ன இருக்கிறதென்று காட்டாது. அதனால் முனையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே ஒரு காய்ந்த ஓடை மலையைக் குறுக்கே வெட்டியிருக்கிறது. கயிறு கட்டித்தான் இறங்கவேண்டும். கயிறு பிடிக்க வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். "முன்பக்கம் ரோட்டுல நின்னு ஜம்முனு பாக்கலாம். பின்னாடி என்ன சார், புதையலா இருக்கு?"

இருக்கிறது. களி கொஞ்ச தூரம் ஒழுங்காக வருகிறது. பிறகு மெலிகிறது. பிறகு இல்லை. மேலே ஓடிய ஆறு அதை அரித்துத் தின்றுவிட்டது. ஒரு வீட்டின் அகலத்துக்கு, மேல் மணலும் கீழ் மணலும் ஒன்றின்மேல் ஒன்று நேராக உட்கார்ந்திருக்கின்றன. அதற்கப்புறம் களி மறுபடி தொடங்குகிறது.

எண்ணெயோடு சேர்ந்து வரும் உப்புத் தண்ணீரைக் கீழ் மணலுக்குள் திருப்பி இறக்கலாம், நடுவில் களி மூடியிருப்பதால் மேலே ஏறாது என்று உன் வரைபடம் சொல்கிறது. இந்தக் குடியிருப்பின் கைப்பம்புகள் எல்லாம் மேல் மணலில்தான் நிற்கின்றன. மூடியில் ஓட்டை இருக்கிறது, அக்கா.

நான் கம்பெனி விடுதியில் தங்கவில்லை. விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் ஓர் அம்மாவின் வீட்டில் முன்னறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் கம்பெனி முத்திரை போட்ட வெள்ளை விரிப்புகள், அவற்றுக்குப் பின்னால் கைப்பம்பு.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? குட்டி என்ன செய்கிறாள்? அத்தானைக் கேட்டதாகச் சொல். சாமான் லாரி வியாழக்கிழமைதோறும் வரும். அதில் பதில் போடு.

தம்பி


மார்ச் 19

தலைப்பிரட்டைக்கு,

இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. நீ வெயிலில் தொப்பி போடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் கடிதத்தை வழக்கம்போல் அம்மா எதிரில் உட்கார்ந்து உறையைக் கிழித்து உரக்க வாசிக்கத் தொடங்கிவிட்டேன். 'அக்காவுக்கு' என்பதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு இட்டுக்கட்டினேன். பாறை நன்றாக இருக்கிறது, வெயில் அதிகம், சாப்பாடு பரவாயில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "இவ்ளோ பெரிய தாள்ல இவ்ளோதான் எழுதினானா? எழுத்தக் குண்டு குண்டா போட்டிருக்கானோ?" இனிமேல் இரண்டு தாள் எழுது. அம்மாவுக்கு வாசிப்பது ஒன்று, எனக்கு ஒன்று. ஆபீஸ் விஷயத்தை என் தாளில் வை.

உன் ஓடைக்கு வருகிறேன். நீ பார்த்தது சரிந்து விழுந்த பாறையாக இருக்கும். ஓடைக் கரைகளில் அது சகஜம். மேல் பாறை வழுக்கிக் கீழே வந்து உட்கார்ந்தால், பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்ததுபோலத்தான் தெரியும். முதல் வருஷ மாணவன் செய்கிற தவறு இது. நீ செய்வாய் என்று நினைக்கவில்லை.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. குட்டி அப்போது வயிற்றில் ஏழு மாசம். கயிறு கட்டி ஓடையில் இறங்குகிற நிலையிலா இருந்தேன்? ரோட்டுப் பக்கம் போதும் என்று அப்போதே முடிவானது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 2

(அம்மாவுக்கு வாசிக்கிற தாள்)

அம்மா, நான் குண்டு எழுத்தில் எழுதவில்லை. அக்காதான் பாதியை விழுங்கிவிட்டாள். தொப்பி போடுகிறேன்.

மலையில் என்னதான் செய்கிறாய் என்று எப்போதும் கேட்பாயே, சொல்கிறேன். ரொம்பக் காலத்துக்கு முன்னால், மனிதர்களே இல்லாத காலத்தில், இங்கே ஆறுகள் ஓடின. ஆறு ஓடிய தடத்தில் மணல் தங்கியது. வெள்ளம் கரை தாண்டிப் பரவிய இடத்தில் களி படிந்தது. ஆறு சும்மா கிடக்காது, இடம் மாறும். பழைய மணல்மேல் களி, களிமேல் புது ஆற்றின் மணல் என்று அடுக்கடுக்காகப் புதைந்து கல்லாகிவிட்டன. மணற்பாறை கையில் எடுத்தால் கெட்டிதான். ஆனால் மணல்மணிகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. தண்ணீரும் எண்ணெயும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. களியில் அப்படி எதுவும் நுழையாது.

சமவெளியில் இந்தப் பாறை ஆழத்தில் கிடக்கிறது. கிணறு தோண்டினால் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குத்தான் தெரியும். அடுத்த கிணறு எங்கோ தள்ளி இருக்கும். நடுவில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதே பாறை சரிந்து ஏறி இந்த மலையில் வெளியே தலை நீட்டியிருக்கிறது. இங்கே மணல் எவ்வளவு அகலம், களி எங்கே அறுபடுகிறது என்று அளந்தால், அங்கே மண்ணுக்கடியில் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். நீ தைத்த காலத்தில் பெட்டிக்கு வெளியே தொங்கும் ஓரத்தைப் பார்த்தே உள்ளே என்ன துணி என்று சொல்வாயே, அதுபோலத்தான்.

(உனக்கு)

அக்கா, மறுபடி இறங்கிப் பார்த்தேன். சரிந்த பாறை இல்லை. சரிந்திருந்தால் அடுக்குகளின் சாய்வு மாறியிருக்கவேண்டும். ஓடையின் இரண்டு கரையிலும் சாய்வு ஒன்றுதான், ரோட்டுப் பக்கத்திலும் அதேதான். இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. மேல் மணலின் அடிவயிற்றில், களி காணாமல்போன இடத்திலேயே, சிவப்புக் களி உருண்டைகள் பதிந்திருக்கின்றன. முட்டை அளவிலும் முஷ்டி அளவிலும். ஆறு களியைப் பிய்த்து உருட்டித் தன் மணலிலேயே புதைத்திருக்கிறது. தின்றவன் வாயில் பருக்கை ஒட்டியிருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

நீ கொடுத்த சுத்தியலால்தான் ஓர் உருண்டையைப் பெயர்த்தேன். லாரியில் அனுப்புகிறேன். உன் மேஜைமேல் வை.

முடிவானது என்று எழுதியிருக்கிறாய். யார் முடிவு செய்தது?

தம்பி


ஏப்ரல் 27

தலைப்பிரட்டைக்கு,

குட்டிக்குச் சளி இருந்தது, இப்போது தேவலை. அத்தான் வழக்கம்போல் செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கிறார், சௌக்கியம்.

அம்மாவின் தாளை வாசித்தேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, "ஓரத்த மட்டும் பாத்து எடுத்தா ஏமாந்துருவோம். துணியத் திருப்பிப் பாத்தானான்னு கேளு" என்றாள். கேட்டுவிட்டேன்.

ஆறு செத்துப்போச்சா என்று குட்டி கேட்டாள். ஆமாம் என்றேன். "யாரு புதைச்சா?" என்றாள். இன்னொரு ஆறு என்றேன். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த முறை அம்மாவின் தாளில் குழந்தை கேட்கிற மாதிரி எழுது.

கல் வந்துசேர்ந்தது. பார்த்தேன்.

உன் வேலை ஆணையில் ரோட்டுப் பக்கப் பாறை என்றுதான் இருக்கிறது. நான் அளந்ததை நீ மறுபடி அளந்து, பொருந்துகிறதா இல்லையா என்று எழுதவேண்டும். அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள். முழு அளவில் உப்புத் தண்ணீரை இறக்கலாமா என்று தீர்மானிக்கும் குழு ஆகஸ்ட் கடைசியில் கூடுகிறது. அதுவரை ஒரே ஒரு கிணற்றில், சோதனைக்கு மட்டும், கொஞ்சமாக இறக்குகிறார்கள். அதற்கே நீ இந்தக் குதி குதிக்கிறாய்.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


மே 11

(அம்மாவுக்கு வாசிக்கிற தாள்)

அம்மா, திருப்பிப் பார்த்தேன். அதனால்தான் அக்காவுக்கு என்மேல் கோபம். குட்டிக்குச் சொல்: ஆறு சாகவில்லை, இடம் மாறித் தூங்குகிறது. தண்ணீர் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. நான் தினமும் அதைத்தான் குடிக்கிறேன்.

(உனக்கு)

தண்ணீர் நிறையக் குடி என்று எழுதிவிட்டாய். எந்தத் தண்ணீரை என்று எழுதவில்லை.

அந்தச் சோதனைக் கிணறு இங்கிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. வேலி போட்டு, பம்பு இரைகிறது. பத்து நாளாக வீட்டுக்காரம்மாவுக்கும் தெருமுனைக் கடைக்காரருக்கும் சண்டை. முந்தாநாள் நானே நேரில் பார்த்தேன். வீட்டுக்காரம்மா நனைந்த சோப்புக் கட்டியைக் கொண்டுபோய்க் கடைக்காரர் மேஜைமேல் தொப்பென்று வைத்தார்.

"இதுல சுண்ணாம்பக் கலக்குறீங்களா? பாதிக் கட்டி தேஞ்சும் ஒரு நுரை வரல."

"அதே சோப்பப் போட்டுத்தாம்மா நானும் குளிக்கிறேன். என்னப் பாருங்க."

"பாத்தாலே தெரியுது."

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சோப்பு ஏன் நுரைக்கவில்லை என்று அந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை. அன்று காலை பல் விளக்கும்போதே நாக்கில் கரித்தது. அப்போதும் துப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

நம் அதிகாரிகள் குடியிருப்புக்கு ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது. விடுதிக்கும் அப்படித்தான். இங்கே பம்படியில் நிற்பவர்கள் நம் லாரிகளில் மூட்டை ஏற்றுகிறவர்கள், நம் குழாய்களுக்குப் பள்ளம் தோண்டுகிறவர்கள், நம் விரிப்புகளைத் துவைக்கிறவர்கள். அவர்கள் காலடியில் என்ன இருக்கிறதென்று நாம் வரைகிறோம். நாம் வரைந்ததை அவர்கள் குடிக்கிறார்கள். குழுவில் இருக்கிற ஒருவராவது இந்தப் பம்பில் ஒரு வாய் குடித்ததுண்டா?

அம்மாவின் முழங்காலுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்? எனக்கு ஒன்றுமில்லை, இதுவரை.

தம்பி


ஜூன் 20

தலைப்பிரட்டைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. குட்டிக்குப் பள்ளிக்கூடம் திறந்தது, அம்மாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மருந்து மாற்றியிருக்கிறார், கொஞ்சம் நடக்கிறாள். அத்தான் இளைத்திருப்பதாக அவரே சொல்லிக்கொள்கிறார், வேறு யாரும் சொல்லவில்லை.

கோடையில் தண்ணீர் இறங்கினால் உப்பு ஏறுவது இயல்பு. மழை வந்தால் சரியாகிவிடும்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. கடலோரப் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது. உன் வயதில் யாருக்கும் கிடைக்காத பதவி. மேலாளரிடம் பேசிவிட்டேன், சம்மதம் சொல்லிவிட்டார். மலை வேலையை இந்த மாதத்தோடு முடித்துக்கொண்டு கிளம்பு. அறிக்கையில் ரோட்டுப் பக்கம் பொருந்துகிறது என்று மட்டும் எழுது. அது பொய்யில்லை, பொருந்தத்தானே செய்கிறது.

அந்தப் பாறைக்கு உன்னை அனுப்பவேண்டும் என்று அடம்பிடித்தது நான். மேலாளர் வேறு ஒருவரைத்தான் சொன்னார். நான்தான் உன் பெயரைப் போடவைத்தேன். அதை நினைத்தாவது நடந்துகொள்.

குட்டி உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். போர்வை போர்த்திய ஆறு. இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

அம்மாவுக்குத் தனியே எழுதியிருக்கிறேன். அதில் மழையைப் பற்றியும் குட்டியின் படத்தைப் பற்றியும் இருக்கிறது. இது உனக்கு மட்டும்.

கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை என்று ஓடையில் இறங்கினேன். உண்மையாகவே கிளம்பத்தான் நினைத்தேன். கடலோரம் என்று நீ எழுதியதும் எனக்கும் ஆசை வந்தது. களி அறுபடும் இடத்துக்குக் கீழே பாறை உள்வாங்கி ஒரு குடைவு இருக்கிறது. மழையும் வெயிலும் படாத இடம். இதுவரை நான் மேலே நின்றே பார்த்திருக்கிறேன். அன்று படுத்து நகர்ந்து உள்ளே தலையை விட்டேன்.

தலைப்பிரட்டை. மஞ்சள் நிறம் நேற்றுப் போட்டதுபோல் பளிச்சென்று இருக்கிறது. வட்டம், வால், பக்கத்தில் உன் கையெழுத்தில் 12. அதிலிருந்து ஓர் அம்புக்குறி மேலே போய், களி எந்த இடத்தில் இல்லாமல்போகிறதோ அங்கே முடிகிறது. நான் மூன்று தடவை இறங்கிக் கண்டுபிடித்ததை நீ ஒரே தடவையில் கண்டுபிடித்திருக்கிறாய்.

கயிறு பிடிக்கிறவரை மேலே பார்த்துக் கேட்டேன், இங்கே மஞ்சள் புள்ளி போட்டது யார் தெரியுமா என்று.

"அந்த அம்மாதான். வயித்துப் பிள்ளையோட வந்தாங்க. வேண்டாம்மான்னு எவ்வளவோ சொன்னேன். நீ கயித்தப் பிடி, வயித்த நான் பாத்துக்கறேன்னாங்க."

"இத ஏன் இத்தன மாசமா சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? நீங்க பாறையத்தான கேட்டுக்கிட்டிருந்தீங்க."

நீ என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மேலே ஏறிவந்த பிறகு அந்த அம்மா என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.

"ஒரு கல்லு மேல ஒக்காந்துட்டாங்க. அப்புறம் தண்ணி கேட்டாங்க. நம்ம பம்புத் தண்ணிதான் கொண்டுபோயிருந்தேன், குடுத்தேன். முழுசும் குடிச்சாங்க. தண்ணி ரொம்ப நல்லாயிருக்குன்னாங்க."

எனக்கு ஆச்சரியமாக இல்லை, அக்கா. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. துணியைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதவளின் மகள் நீ. ரோட்டில் நின்று ஒரு பக்கம் பார்த்துவிட்டு நீ திரும்பியிருப்பாய் என்று நான் நம்பியதுதான் முட்டாள்தனம். அப்படி நம்பவே பிடித்திருந்தது. தெரியாமல் செய்த அக்காவிடம் கத்தலாம். தெரிந்து செய்த அக்காவிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

கடலோரத்துக்குப் போகவில்லை. ஓடையையும் சேர்த்துத்தான் அறிக்கை எழுதப்போகிறேன்.

தம்பி


ஜூலை 29

தலைப்பிரட்டைக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி காய மாட்டேன் என்கிறது. அம்மா இப்போது மாடிப்படி இறங்குகிறாள், ஏறுவதுதான் சிரமம். குட்டிக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அதைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, மேலே களி போட்டு மூடியிருக்கிறாள். தண்ணீர் போகாதாம். எங்கே கற்றாளோ.

அத்தானுக்கு இருமல். கஷாயம் வேண்டாம் என்கிறார், மாத்திரையும் வேண்டாம் என்கிறார், இருமலை மட்டும் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறார்.

நீ முன்போல நீளமாக எழுதுவதில்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். மலையில் தனியாக ஏறாதே என்று சொல்லச் சொன்னாள். சுத்தியல் பிடியில் சுற்றிய ரப்பர் டியூப் இந்நேரம் தேய்ந்திருக்கும். கை வழுக்கும், புதிதாகச் சுற்றிக்கொள். நல்ல கயிறாகப் பார்த்துக் கட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். ஒரு தாள்தான் இருந்தது. எல்லோர் எதிரிலும் உரக்க வாசிக்கக்கூடிய தாள். இரண்டு தாள் எழுதவேண்டும் என்று சட்டம் போட்டவள் நீ.

டியூப் சுற்றிவிட்டேன்.

என் அறிக்கை மேலாளரிடமிருந்து திரும்பி வந்தது. ஓடையைப் பற்றிய பக்கங்களை மட்டும் தனியாகப் பிரித்து, வேலை ஆணைக்கு வெளியே உள்ள பகுதி, நீக்கவும் என்று எழுதியிருக்கிறார். கூடவே பென்சிலில் ஒரு வரி: சரிந்த பாறையாக இருக்கலாம். அந்த வார்த்தையை நான் எங்கே முதலில் பார்த்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் அதை உனக்குச் சொன்னது அவரா, அவருக்குச் சொன்னது நீயா என்று நான் கேட்கப்போவதில்லை.

குழுவில் யாரும் கயிறு கட்டி இறங்கப்போவதில்லை. அவர்களுக்குப் பாறை என்றால் மேஜைமேல் விரிக்கிற தாள். அங்கே நான் சொன்னால் சின்னப் பையன் உளறுகிறான் என்பார்கள். வரைந்தவளே வந்து, இந்த மூடியில் ஓட்டை இருக்கிறது, நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் யாராலும் சரிந்த பாறை என்று சொல்லமுடியாது. உன் வார்த்தைக்கு இருக்கிற எடை என் வார்த்தைக்கு இல்லை. அந்த எடையை இத்தனை வருஷம் எதன்மேல் வைத்திருக்கிறாய் என்று பார்.

உனக்கு என்ன பயம் என்று யோசித்துப் பார்த்தேன். வேலை போகும். குவார்ட்டர்ஸ் போகும். அம்மாவின் டாக்டர், குட்டியின் பள்ளிக்கூடம், எல்லாம் கம்பெனியுடையது. தெரிகிறது. நான் படித்ததும் உன் கம்பெனிச் சம்பளத்தில்தான், அதுவும் தெரிகிறது. நம் வீடு மொத்தமும் அந்த ஒரு களி அடுக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது ஓட்டை என்று நீயும் நானும் பார்த்துவிட்டோம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வேறு யாரையாவது அனுப்பியிருந்தால் அவர் ரோட்டில் நின்று அளந்து, பொருந்துகிறது என்று எழுதிவிட்டு வந்திருப்பார். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நீ அடம்பிடித்து என்னை அனுப்பினாய். நான் பின்பக்கம் போவேன் என்று உனக்குத் தெரியும். கண்டுபிடிக்கட்டும் என்று அனுப்பினாயா, கண்டுபிடித்தாலும் தம்பி வாயை மூடிக்கொள்வான் என்று அனுப்பினாயா?

முதலாவது என்றால், நான் கண்டுபிடித்துவிட்டேன். மீதி உன் வேலை. பன்னிரண்டாவது புள்ளி உன்னுடையது என்றும் அங்கே களி இல்லை என்றும் குழுவுக்கு எழுது.

அம்மாவுக்கு இத்துடன் தனித் தாள் வைத்திருக்கிறேன். அத்தானை மருந்து சாப்பிடச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 22

அக்காவுக்கு,

இரண்டு வியாழக்கிழமை லாரிக்காக ரோட்டில் நின்றேன். டிரைவருக்கு என்னைப் பார்க்கவே பாவமாகிவிட்டது. "லெட்டர் இல்ல சார். வெங்காயம் இருக்கு, வேணுமா?" என்றார். அம்மாவிடமிருந்துகூட ஒரு வரி இல்லை. என் தாளை அவளுக்கு வாசித்தாயா என்பதும் தெரியவில்லை.

மழை வந்தது, போனது. தண்ணீர் சரியாகவில்லை. வீட்டுக்காரம்மா சோப்புக் கடையை மாற்றிப் பார்த்தார். புதுக் கடைச் சோப்பும் நுரைக்கவில்லை. விடுதியில் விரிப்புகள் சொரசொரவென்று இருப்பதாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி துவைத்த அவற்றைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டே வீட்டுக்காரம்மா என்னிடம் கேட்டார்: "நீங்க படிச்சவங்க. சொல்லுங்க, எந்த சோப்பு வாங்கட்டும்?"

முதல் தடவை கேட்டபோது தெரியவில்லை என்றேன். சொல்லிவிட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தால், என் குரல் உன் குரல் மாதிரியே இருந்தது. எழுந்து வெளியே போய்ச் சொல்லிவிட்டேன். சோப்பு இல்லை, தண்ணீர். வேலிக்குள் இறக்குகிற உப்பு கீழேயிருந்து ஏறிவருகிறது. நடுவில் தடுக்க வேண்டிய களி ஓரிடத்தில் இல்லை.

அவர் கத்தவில்லை. ஈர விரிப்பை மறுபடி கொடியில் போட்டார். சுருக்கம் நீக்கினார்.

"ஏறாதுன்னுதானே கம்பெனி போர்டு வெச்சிருக்கு?"

"ஏறும். நான் பாத்தேன்."

"நீங்க ஒருத்தர் பாத்தீங்க. வேற யாரு பாத்தாங்க?"

உன் பெயரை நான் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பம்படிக்குப் போய் வாளியை வைத்தார். வேறு தண்ணீர் இல்லை, அதைத்தான் அடித்தார்.

புதன்கிழமை அவர்கள் கூடுகிறார்கள். மேஜையில் உன் வரைபடத்தை விரிக்கப்போவது நீயேதான் என்று கேள்விப்பட்டேன். லாரி நாளை திரும்புகிறது, இந்தக் கடிதம் கூட்டத்துக்கு முன்பே உன் கையில் இருக்கும். இதை அம்மா எதிரில் பிரி. உரக்க வாசி. இனிமேல் உனக்கென்று தனித் தாள் கிடையாது.

வாசித்துவிட்டு, பேனாவை எடுத்து, அந்த வரைபடத்தில் பன்னிரண்டாவது புள்ளியைப் போடு.